திரையில் ஓர் இசை நிகழ்ச்சி: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

“அந்தப் பாட்டெல்லாம் இவள்ட போன்லயே கிடக்குதானே தம்பி. அதப் பாக்கிறத்துக்கு ஏன் கொழும்புக்குப் போகணும்?”

அக்கா இப்படித்தான் கேட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளும் மூன்று தோழிகளும், ஒரு கொரியப் பாடகர் குழுவின் இசை நிகழ்ச்சி தியேட்டரில் படமாக ஓடப்போகிறது என்று அறிந்து, மாமாவான என்னைத் துணைக்கு வரும்படி பிடித்துக்கொண்டார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். போக ஓர் இரவு பஸ், வர ஓர் இரவு பஸ், நடுவில் இரண்டு மணித்தியாலம் சொச்சம் ஓடும் படம். அக்காவின் கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாகச் சொல்லிப் பார்க்கிறேன். கோயில் திருவிழாக்களுக்கும் பாடசாலை விழாக்களுக்கும் ‘சவுண்ட்ஸ்’ போடுவது என் தொழில். ஆகவே ஒலியைப் பற்றிய பகுதி நீளமாக இருக்கும். இந்த வகைப் படத்தில் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயர். ஆங்கிலக்காரர் இதைக் கன்சர்ட் பிலிம் என்கிறார்கள். கச்சேரிப் படம் என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கச்சேரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரசாங்க அதிபரின் அலுவலகம். அதனால் இசை நிகழ்ச்சிப் படம் என்றே எழுதுகிறேன். ஒரு பாடகரோ குழுவோ மேடையில், சனத்தின் முன்னால் நடத்திய நிகழ்ச்சியைப் பல கமராக்களால் பிடித்து, ஒலியைத் தனியாகப் பதிந்து, பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உட்கார்ந்து தொகுத்து, தியேட்டரின் பெரிய திரைக்கும் அதன் ஒலிபெருக்கிகளுக்கும் பொருந்தும்படி செய்த படம் அது.

நம் சினிமாப் பாட்டுக் காட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. சினிமாவில் பாட்டு முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறக்கும். பிறகு அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைப்பார். பாடியவர் பெரும்பாலும் படத்தில் தலைகாட்டவே மாட்டார். இசை நிகழ்ச்சிப் படத்தில் யார் பாடுகிறாரோ அவர்தான் திரையில் நிற்கிறார். வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, சில நேரம் வரி தவறுகிறது. பாடகரின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படமும் வேறு வகை. சில படங்கள் இரண்டையும் கலக்கும்: ஒரு பாட்டு, பிறகு மேடைக்குப் பின்னால் நடக்கும் பேச்சு, மறுபடி ஒரு பாட்டு.

இன்னொன்றோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நேரடி ஒளிபரப்பு. மேடையில் நிகழ்ச்சி நடக்கும்போதே செய்மதி வழியாகத் தியேட்டருக்கு அனுப்புவார்கள். நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒப்பரா 2006 டிசம்பர் முதல் இப்படிச் செய்து வருகிறது. 2022 மார்ச் 12ஆம் திகதி பி.டி.எஸ். என்ற கொரியக் குழு சியோல் நகரில் பாடியதை 75 நாடுகளிலும் பிரதேசங்களிலும் இருந்த 3,711 தியேட்டர்களில் சனம் இருந்து பார்த்தது. அதில் தொகுப்பதற்கு நேரம் கிடையாது, வந்தது வந்தபடி. நான் இங்கே பேசுவது, நேரம் எடுத்துச் செதுக்கிய படத்தைப் பற்றி.

கண்ணை எங்கே வைப்பது

இதை விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் எங்கள் ஊர்க் கூத்து.

எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியை வட்டக்களரியில் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம். இரவில் தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். வரவு ஆடி வருகிற அரசனைப் பார்ப்பதா, மத்தளத்தோடு நிற்கும், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரைப் பார்ப்பதா, எதிர்ப்பக்கத்தில் பாயில் சுருண்டு தூங்கும் பிள்ளைகளைப் பார்ப்பதா என்பது நம் விருப்பம். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று தவறும். தவறியது தவறியதுதான்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கூத்தை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்றபடி மாற்றினார். 1964இல் வந்த ‘இராவணேசன்’ அப்படி உருவான ஒன்று. நாலு பக்கமும் திரும்பி ஆடியவர்கள் ஒரு திசையை நோக்கி ஆட வேண்டி வந்தது. இரவு முழுக்க நீண்ட ஆட்டம் ஒரு மாலைப் பொழுதுக்குள் சுருங்க வேண்டி வந்தது. எந்த ஆட்டத்தை வைப்பது, எதை விடுவது, பார்ப்பவரின் கண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒருவர் இருந்து தீர்மானித்தார். அதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. ஊருக்குள் விடிய விடிய ஆடியதை ஒருபோதும் பார்த்திராதவர்கள் அதன் வீரியத்தை அந்த மேடையில் கண்டார்கள்.

இசை நிகழ்ச்சிப் படம் செய்கிற வேலையும் இதுதான். விளையாட்டரங்கில் இருக்கும் ஒருவர் எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அவர் இருக்கிற கதிரை ஒன்றுதான். மேல் தட்டில் இருந்தால் பாடகர் தீப்பெட்டியளவுதான் தெரிவார். படம் பார்ப்பவருக்கு நூறு கதிரை கிடைக்கிறது. ஒரு நிமிடம் பாடகரின் கண்ணிமைக்கு அருகில், அடுத்த நிமிடம் அரங்கின் கூரைக்கு மேல். ஆனால் எந்தக் கதிரையில் எப்போது இருப்பது என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார். ட்ரம்ஸ் அடிப்பவரை நான் பார்க்க விரும்பினாலும், அவர் காட்டினால்தான் உண்டு.

இதை எப்படி எடுக்கிறார்கள்? அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் இராஸ் சுற்றுப்பயணப் படத்தைச் சொல்லலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இங்கிள்வுட் என்ற ஊரில் உள்ள சோஃபை விளையாட்டரங்கில், 2023 ஓகஸ்டில் நடந்த நிகழ்ச்சிகளில் அதைப் படம் பிடித்தார்கள். அங்கே ஒரு நிகழ்ச்சிக்கு 70,000 பேர் அளவில் கூடுவார்கள். ஒரே இரவில் எடுத்து முடிக்கவில்லை. மூன்று இரவுகளில் எடுத்தார்கள். இது இந்த வகைப் படங்களில் வழக்கமானது. ஒரு கமராவைப் பாடகருக்கு மிகக் கிட்டக் கொண்டுபோனால், தூரத்தில் நிற்கும் மற்றக் கமராவில் அந்தக் கமராக்காரரும் விழுவார். ஆகவே ஓர் இரவு கிட்ட, இன்னோர் இரவு எட்ட. பாரம்தூக்கி போன்ற நீண்ட கையில் தொங்கும் கமரா, கம்பியில் ஓடும் கமரா, தோளில் வைத்துக்கொண்டு மேடையில் நடக்கும் கமரா எல்லாம் ஒரே கடிகாரத்துக்குப் பூட்டப்பட்டிருக்கும். அப்போதுதான் தொகுப்பாளர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது உதடும் ஓசையும் பிசகாது.

வெவ்வேறு இரவுகளின் காட்சிகளை ஒரே பாட்டுக்குள் எப்படி ஒட்டுவது என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. பெரிய நிகழ்ச்சிகளில் வாத்தியக்காரரின் காதுக்குள் மட்டும் ஒரு தாளக்கட்டை ‘டிக் டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமைப் பாட்டும் சனிக்கிழமைப் பாட்டும் ஏறத்தாழ அச்சுப்போல ஒரே வேகத்தில் போகும். அப்படியும் சட்டையின் நிறமோ, வியர்வையில் ஒட்டிய முடியோ மாறியிருக்கும். கவனமாகப் பார்த்தால் சில படங்களில் அதைப் பிடித்துவிடலாம். பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள்.

பாட்டுகளையும் வெட்டுவார்கள். மூன்று மணித்தியாலத்தைத் தாண்டி நடந்த ஸ்விஃப்டின் நிகழ்ச்சி தியேட்டருக்கு வந்தபோது 2 மணித்தியாலம் 48 நிமிடம் அளவில் இருந்தது. விடுபட்ட பாட்டுகளில் மூன்றைப் பிறகு வீட்டில் பார்க்கும் பதிப்பில் சேர்த்தார்கள்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை காட்சி மாறும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆடுகிறவர் கால் தூக்கினால் அது தரையில் வந்து படுவதையும் பார்க்க வேண்டும். ஜோனதன் டெமி இயக்கி 1984இல் வந்த ‘ஸ்டொப் மேக்கிங் சென்ஸ்’ என்ற படத்தை இன்றும் பலர் இந்த வகையின் உச்சமாகச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பொறுமைதான். டோக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் நிகழ்ச்சி அது. வெறும் மேடையில் ஒரு ஆள் கிற்றாரோடு வந்து தனியே பாடுவார். அடுத்தடுத்த பாட்டுகளில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர, மேடை நிறையும். கமரா நிதானமாக நின்று பார்க்கும். அரங்கில் இருக்கும் சனத்தின் முகத்தைக் கடைசிப் பகுதிவரை கிட்டத்தட்டக் காட்டவே மாட்டார்கள். வேறு யாரோ சந்தோசப்படுவதைப் பார்த்து நாம் சந்தோசப்பட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார் இயக்குநர்.

காதை எங்கே வைப்பது

இனி ஒலி. இதற்கும் எங்கள் வாவியிலேயே உதாரணம் இருக்கிறது.

மட்டக்களப்பை மீன் பாடும் தேனாடு என்பார்கள். வாவிக்குள்ளிருந்து பாட்டுப் போல ஓர் ஓசை வரும். வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் நின்று காது கொடுத்தால் வாகன இரைச்சல்தான் கேட்கும். பழையவர்கள் சொல்லித் தந்த வழி வேறு: நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஓசை மிகவும் பெருகியது என்பது அவருடைய குறிப்பு. ஓசை வாவிக்குள் எப்போதும் இருந்தது. காதை வைக்கிற இடம்தான் மாறியது.

ஒலிப்பதிவு என்பது முழுக்க முழுக்க இந்தக் கேள்விதான். என் தொழிலில் அடிக்கடி நடப்பது ஒன்று சொல்கிறேன். திருவிழா முடிந்ததும் யாராவது வந்து, “அண்ணன், மிக்ஸர்ல இருந்து ஒரு வயர் போட்டு அப்பிடியே பதிஞ்சு தாங்க” என்பார்கள். பதிந்து கொடுத்தால் அடுத்த நாள் முறைப்பாடு வரும்: குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, தவில் எங்கேயோ கிணற்றுக்குள் அடிப்பது போலக் கேட்கிறது. காரணம் எளிது. தவில் தன் பலத்திலேயே வீதி முழுக்கக் கேட்கும் வாத்தியம். அதற்கு நான் மிக்ஸரில், அதாவது ஒலிகளைக் கலக்கும் கருவியில், கொஞ்சம்தான் கொடுப்பேன். குரலுக்கு நிறையக் கொடுப்பேன். வீதியில் நின்றவருக்கு இரண்டும் சேர்ந்து சமமாகக் கேட்டது. வயரில் போனது நான் கொடுத்த பங்கு மட்டும்.

இசை நிகழ்ச்சிப் படம் செய்பவர்கள் அதனால்தான் அந்த இரவின் கலவையை அப்படியே எடுப்பதில்லை. ஒவ்வொரு ஒலிவாங்கியிலிருந்தும் வருவதை இரண்டு மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று அரங்கின் ஒலிபெருக்கிகளுக்கு, ஒன்று மேடையில் நிற்பவர்களின் காதுக்கு, இன்னொன்று பதிவுக்கு. பதிவில் குரல் தனித் தடம், ஒவ்வொரு ட்ரம்ஸும் தனித்தனித் தடம், பின்பாட்டுக்காரர் ஒவ்வொருவரும் தனித் தடம். பிறகு ஆறுதலாக இருந்து, தியேட்டருக்கென்றே புதிதாகக் கலக்குவார்கள்.

சனத்தின் சத்தத்துக்கும் தனியாக ஒலிவாங்கிகள் வைப்பார்கள். மேடை விளிம்பில், நடுவில், மேல் தட்டில். அது இல்லாவிட்டால் முழுப் படமும் இசைத்தட்டுக் கேட்பது போல உயிரில்லாமல் போய்விடும். ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 343 மீற்றர் மட்டுமே போகும். மேடையிலிருந்து 100 மீற்றர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு அளவு பிந்தித்தான் போய்ச் சேரும். அவர் பிந்திக் கேட்டு, பிந்திக் கைதட்டுவார்; அந்தக் கைதட்டல் திரும்பி வர இன்னும் பிந்தும். எல்லாத் தடங்களையும் அப்படியே சேர்த்தால் தாளம் சிதறிச் சேறாகிவிடும். ஆகவே தூரத்து ஒலிவாங்கிகளின் தடங்களைக் கணக்குப் பார்த்து முன்னுக்கு இழுத்துப் பொருத்துவார்கள். படத்தில் 70,000 பேர் ஒரே குரலில் பாடுவது போலக் கேட்கும் இடம், ஒருவர் இருந்து பொறுமையாகப் பின்னிய இடம்.

குரலையும் திருத்துவதுண்டு. தவறிய ஒரு வரியை ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பாடி ஒட்டுவது இந்தத் துறையில் பழைய வழக்கம். அளவோடு செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். முழுக்கத் திருத்திப் பளபளப்பாக்கினால், மேடையில் ஒரு மனிதர் பாடினார் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போகும்.

அக்காவின் கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. போனின் ஒலிபெருக்கி சுண்டுவிரல் நகத்தளவு. பெரிய ட்ரம்மின் ஓசை 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 அதிர்வு, என்று வைத்தால், காற்றில் அதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ ஆறு மீற்றர். அவ்வளவு பெரிய அலையை எழுப்பத் தேவையான காற்றை அந்தச் சின்னப் பொருளால் தள்ளவே முடியாது. போனில் ட்ரம்ஸ் கேட்பது போலத் தோன்றுவது, அதன் மேல் ஓசைகளைக் கேட்டு மூளை இட்டு நிரப்புவதால். தியேட்டரில் அந்த அடி நெஞ்செலும்பில் வந்து விழும். 5.1 என்று எழுதியிருந்தால், திரைக்குப் பின்னால் மூன்று வழி, பார்ப்பவரின் இரு பக்கமும் இரண்டு வழி, அந்த ‘.1’ கீழ் ஓசைக்கென்றே ஒரு வழி என்று பொருள். 2012இல் வந்த டொல்பி அட்மொஸ் முறையில் தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகள் உண்டு. பாடகரின் குரலைத் திரைப் பக்கம் வைத்து, சனத்தின் குரலைப் பக்கங்களிலும் பின்னாலும் பரப்புவார்கள். கூட்டத்தின் நடுவில் கதிரை போட்டு இருத்தி வைத்தது போல இருக்கும். துடுப்பின் முனையை நம் காதுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள்.

எப்போது தொடங்கியது

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969 ஓகஸ்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பண்ணை நிலம் ஒன்றில் நடந்த வூட்ஸ்டொக் இசைவிழாவுக்கு நாலு இலட்சம் பேர் அளவில் கூடினார்கள். அடுத்த ஆண்டு அது படமாக வந்து, சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. போகாதவர்களும் போனவர்களைப் போலப் பேசத் தொடங்கியது அந்தப் படத்துக்குப் பிறகுதான். 2009 ஜூனில் மைக்கல் ஜாக்சன் இறந்தபோது, லண்டனில் அவர் நடத்தவிருந்த நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகைகள் படம் பிடிக்கப்பட்டிருந்தன. ஒக்டோபரில் அவை ‘திஸ் இஸ் இட்’ என்ற படமாக வந்தன. நடக்காமலே போன ஒரு நிகழ்ச்சியின் படம் அது. தமிழருக்கு நெருக்கமானதாக ஒன்று வேண்டுமென்றால், ஏ. ஆர். ரஹ்மானின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை வைத்து 2017இல் ‘ஒன் ஹார்ட்’ வந்தது.

இவை இப்போது அடிக்கடி வருவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு தியேட்டருக்கும் ஒரு பிரதி அச்சடித்து, தகரப் பெட்டிகளில் ஏற்றி அனுப்ப வேண்டும். இரண்டு நாள் ஓடும் படத்துக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? இப்போது படம் ஒரு வன்தட்டில் பூட்டிய கோப்பாக வருகிறது. குறிப்பிட்ட தியேட்டரின் கருவியில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கும் டிஜிட்டல் சாவியைத் தனியாக அனுப்புவார்கள். ஒரே ஒரு வார இறுதிக்கும் படம் போடலாம் என்றானது இதனால்தான்.

2023 ஒக்டோபரில் டெய்லர் ஸ்விஃப்ட் இன்னும் ஒரு படி போனார். பெரிய ஸ்டூடியோக்களை விட்டுவிட்டு, ஏ.எம்.சி. என்ற தியேட்டர் நிறுவனத்தோடு நேராகப் பேசிப் படத்தை வெளியிட்டார். உலகம் முழுவதும் வசூல் 260 மில்லியன் டொலரைத் தாண்டியது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான டிக்கெட் விலை 19.89 டொலர், 1989 அவர் பிறந்த ஆண்டு, அவருடைய ஓர் இசைத்தொகுப்பின் பெயரும் அதுவே.

அந்தச் சுற்றுப்பயணம் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகளோடு நடந்தது. ஆசியாவில் டோக்கியோவும் சிங்கப்பூரும் மட்டும். நமக்கு மிகக் கிட்ட வந்தது சிங்கப்பூர்: 2024 மார்ச்சில் ஆறு இரவுகள். விசா, விமான டிக்கெட், தங்குமிடம், நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஆசிரியர் சம்பளத்திலோ வயல் வருமானத்திலோ பிள்ளை வளர்க்கும் வீட்டில் அதை யோசிக்கவும் முடியாது. எங்கள் வெபர் மைதானத்துக்கு அப்படி ஒரு மேடை வரும் என்று காத்திருக்கவும் முடியாது. இந்தப் படங்கள் யாருக்காக என்று என்னைக் கேட்டால், இங்கே இருக்கும் பிள்ளைகளுக்காக என்றுதான் சொல்வேன். நேரில் பார்த்தவர்களுக்கு அது நினைவுப் பொருள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் நிகழ்ச்சி.

தியேட்டருக்குள்

அக்காவுக்கான மறுபாதிப் பதில் இது. சாதாரணப் படத்தில் பேசினால் பின்னால் இருப்பவர் ‘உஸ்’ என்பார். இந்தப் படங்களில் சேர்ந்து பாடலாம், கைதட்டலாம். சில காட்சிகளை எழும்பி ஆடலாம் என்று அறிவித்தே நடத்துகிறார்கள். கொரியக் குழுக்களின் இரசிகர்கள் கையில் ஒளிக்குச்சி கொண்டு வருவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி வடிவம். டெய்லர் ஸ்விஃப்டின் இரசிகைகள் மணி கோத்த கைச்சங்கிலிகளைத் தாங்களே செய்து, தியேட்டரில் முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வார்கள். மருமகளும் தோழிகளும் இரண்டு வாரமாக இருந்து வெள்ளைத் தாளில் அந்தக் கொரியக் குழுவின் பெயரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் அது கசங்காமலிருக்க மடியில் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

இது ஏதோ வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் முதல் காட்சியில் திரைக்கு முன்னால் ஆடிய சனம் நாங்கள். இன்னும் நெருக்கமான ஒரு நினைவும் எனக்கு உண்டு. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத ஊரில், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ‘டெக்’ என்ற வீடியோக் கருவியும் டிவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து, விடியும்வரை மூன்று நாலு படம் பார்ப்போம். பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள், மதிலில் ஏறி இருப்பவர்கள், பாட்டு வந்தால் சேர்ந்து பாடும் அண்ணன்மார். படத்தின் பெயர்கள் பல மறந்துவிட்டன. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது மறக்கவில்லை. இதை அக்காவிடம் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. அந்த முற்றங்களில் அவரும் இருந்தவர்.

போகிறவர்களுக்குச் சில விசயம்

இந்தப் படங்கள் பெரும்பாலும் சில நாட்களே ஓடும். அடுத்த கிழமை பார்ப்போம் என்று விட்டால் போய்விடும். டிக்கெட்டும் வழமையான படத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதனால் பஸ்ஸுக்கு இருக்கை பதிவதற்கு முன்னால் படத்துக்குப் பதிந்து, எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணித்தியாலம் ஓடும் படம் திரும்பும் பஸ்ஸைத் தவறவைக்கும்.

ஒலிக்காகப் போகிறவர் மண்டபத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில் இருக்கட்டும். பெரும்பாலான மண்டபங்களில் அந்த இடத்தில்தான் எல்லா ஒலிபெருக்கிகளும் சமமாகக் கேட்கும். ஆடப் போகிறவர் ஓரத்து வழியை ஒட்டி இருப்பது மற்றவர்களுக்கு நல்லது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காதில் வைக்கப் பஞ்சோ அடைப்பானோ எடுத்துப் போங்கள். இதைச் சவுண்ட்ஸ்காரனாகச் சொல்கிறேன், சத்தம் பிஞ்சுக் காதைப் பாதிக்கும். திரையைப் போனில் படம் பிடிக்க வேண்டாம். அது சட்டப்படி தவறு. அதைவிட, பின்னால் இருப்பவரின் கண்ணில் குத்துகிற வெளிச்சமும் அதுதான்.

பாட்டுகளை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பாதகமில்லை. நான் ஒரு பாட்டும் தெரியாமல்தான் போனேன். மொழியும் விளங்கவில்லை, துணையெழுத்தைப் படிப்பதை முதல் பத்து நிமிடத்திலேயே விட்டுவிட்டேன். ட்ரம்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேல் தட்டுச் சனத்தின் குரல் இடது பின்பக்கத்திலிருந்து எழும்பி முன்னால் வந்தபோது, என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியில் அக்காவும் எங்களோடு வந்தார். பிள்ளைகள் எழும்பி நின்று பாடியபோது முதலில் நாலு பக்கமும் பார்த்தார், யாரும் ஏதும் சொல்வார்களோ என்று. ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து வரிசையில் சிங்களப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதே கொரிய வரிகளை அதே உச்சரிப்பில் பாடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் அவர்களில் ஒருத்தி வந்து எங்கள் பிள்ளைகளின் வெள்ளைத் தாளோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். மருமகள் திரையை நோக்கிக் கையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

“அவங்களுக்குத் தெரியப்போகுதா புள்ள, நீ கை காட்டுறது?” என்று அக்கா கேட்டார்.

“பக்கத்தில நிக்கிறவங்களுக்குத் தெரியும்தானே அம்மா.”

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். குருநாகல் தாண்டியதும் அக்கா மெல்லத் திரும்பி, “மனே, அந்த மஞ்சச் சட்டப் பொடியன் கடைசிப் பாட்டில அழுதானே, அது ஏன்?” என்றார். மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ஹபரணையில் பஸ் தேநீருக்கு நின்றபோதும் அவள் சொல்லி முடித்திருக்கவில்லை.